நோன்பும் மாத்திரை வேளையும்: நடுக்குவாத நோயாளரை முன்வைத்து

வள்ளுவர் 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும் அவ்வதிகாரத்தின் பெரும்பகுதி மருந்தைப் பற்றிப் பேசவில்லை; உண்ணும் முறையைப் பற்றியே பேசுகிறது. உணவும் மருந்தும் ஒரே வயிற்றுக்குள்தான் சென்று சேர்கின்றன என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று வெளிப்படையாக மோதிக்கொள்ளும் நோய்களுள் பார்க்கின்சன் நோய் முதன்மையானது. சித்த மருத்துவ வழக்கில் இதனை நடுக்குவாதம் என்பர். இந்நோயோடு வாழும் பெரியவர்களுள் ரமழான் நோன்பை விட மனம் ஒப்பாதவர் உளர். அண்மைக் காலமாகக் 'கீட்டோ' எனப்படும் கொழுப்பு மிகுந்த உணவுமுறையை மேற்கொள்வோரும் உளர். இவற்றை மாத்திரை வேளைகளோடு எவ்வாறு பொருத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நம் நெருங்கிய உறவினர் ஒருவர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாள்தோறும் நான்கு வேளை மாத்திரை உண்பவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமழானில், வீட்டாருக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்காமல், பகல் வேளை மாத்திரைகள் இரண்டையும் விட்டுவிட்டு நோன்பு வைத்தார். இரண்டு நாள்கள் எப்படியோ கடந்தன. மூன்றாம் நாள் அஸர் தொழுகையில் ஸுஜூதிலிருந்து அவரால் எழ இயலவில்லை. அருகில் நின்ற இளைஞர் இருவர் தூக்கி உட்கார வைத்தனர். தண்ணீர் கொடுத்தபோது வேண்டாமெனக் கண்ணாலேயே மறுத்தார். மஃரிப் வேளையில் நோன்புக் கஞ்சியை வயிறார அருந்தி, உடனே மாத்திரையையும் போட்டுக்கொண்டார். இரவு 10 மணி வரை அந்த மாத்திரை பயன் தரவில்லை. பகலில் உடல் முடங்கியதற்குக் காரணம் எவருக்கும் புரியும். இரவில் மாத்திரை உண்ட பின்னும் உடல் ஏன் இளகவில்லை? இந்தக் கேள்வியே நம்மை இப்பொருளைத் தேடிப் படிக்கச் செய்தது.

மருந்து செல்லும் வழி

இந்நோயை 1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் முதன்முதலாக ஒரு நூலில் விரித்துரைத்தார். நடு மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் நடுக்கம், தசை இறுக்கம், அசைவில் மந்தம் ஆகியன தோன்றுகின்றன. டோபமினை அப்படியே கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முன்வடிவமான லெவோடோபா நுழையும். நுழைந்தபின் டோபமினாக மாறும். 1967இல் ஜார்ஜ் கோட்சியாஸ் என்பார் இதனை வாய்வழியே சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, முடங்கிக் கிடந்தோரை நடக்கச் செய்தார். மூளையை அடையும் முன்பே மருந்து வீணாகாதிருக்கப் பின்னர்க் கார்பிடோபா என்னும் துணை மருந்து சேர்க்கப்பட்டது. நம் நாட்டுப் பூனைக்காலி விதையிலும் லெவோடோபா உண்டு. தாமோதரன், இராமசாமி என்னும் இந்திய வேதியியலார் 1937இலேயே அதனைப் பிரித்தெடுத்துக் காட்டினர். அதற்காக மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியையும் தாமாகவே சேர்த்து உண்பது அளவு மீறிய மருந்தாக முடியும்.

கார்பிடோபாவுடன் சேர்ந்த லெவோடோபாவின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. நோயின் தொடக்கத்தில் எஞ்சியுள்ள உயிரணுக்கள் மருந்தைச் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாகச் செலவிடுகின்றன. ஒரு வேளை தவறினாலும் பெரிதாகத் தெரிவதில்லை. நோய் முதிர முதிர அச்சேமிப்பு குறைகிறது. பின்னர் ஒரு மாத்திரையின் பயன் மூன்று அல்லது நான்கு மணி நேரமே நிற்கும். நம் பகுதியில் ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை 13 மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. ஆகவே 'நடுக்குவாதம் உள்ளவர் நோன்பு நோற்கலாமா?' எனப் பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. அவருடைய ஒரு மாத்திரை எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும்.

இனி நம் தமிழாசிரியரின் இரவு வேளைக்கு வருவோம். லெவோடோபா வேதி அமைப்பில் ஓர் அமினோ அமிலம். சிறுகுடலின் மேற்பகுதியில் அது உட்கவரப்படும்போது, புரத உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாயிலில் வந்து நெருக்குகின்றன. மூளையின் வாயிலிலும் இதே போட்டி உண்டு. 1984இல் ஜான் நட் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள், லெவோடோபாவை நேரே இரத்தநாளத்தில் செலுத்திக்கொண்டே நோயாளர்க்குப் புரதம் மிகுந்த உணவளித்தனர். இரத்தத்தில் மருந்தின் அளவு குறையவில்லை. ஆயினும் நோயாளரின் அசைவு தடைப்பட்டது. மருந்து இரத்தத்தில் இருந்தும் மூளைக்குள் புக இடமின்றி நின்றது என்பது இதனால் விளங்கும். உணவுக்கு அரை மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ மாத்திரை உண்ணுமாறு மருத்துவர் கூறுவது இதனாலேதான்.

நோன்புக் கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்கின்றன. பல ஊர்களில் கொத்துக்கறியும் சேர்கிறது. சுவையில் அதற்கு இணையில்லை. ஆனால் பருப்பும் கறியும் புரதம், தேங்காய்ப்பால் கொழுப்பு. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். புரதம் வாயிலை அடைக்கும். அவ்விரண்டின் பின்னால் சென்ற மாத்திரை இரவு 10 மணி வரை காத்துக் கிடந்ததில் வியப்பில்லை.

இங்கே இன்னொரு முடிச்சும் உண்டு. மாத்திரைப் பயன் ஏறி இறங்கும் நோயாளர் சிலருக்குப் பகலில் புரதத்தைக் குறைத்து இரவு உணவில் வைத்துக்கொள்ளுமாறு மருத்துவர் அறிவுறுத்துவதுண்டு. மாத்திரைகள் பகலில் உண்ணப்படுகின்றன என்னும் எண்ணத்தில் அமைந்த அறிவுரை அது. நோன்பு நாளிலோ மாத்திரையும் புரதமும் இரவிலேயே கூடிவிடுகின்றன. ஆண்டு முழுதும் நன்மை தந்த அவ்வறிவுரை அம்மாதத்தில் அப்படியே பொருந்தாது போகிறது.

நோற்பவரும் நோற்கலாகாதவரும்

நோய் தொடக்க நிலையில் இருப்பவர், நாளுக்கு ஒரு வேளை மட்டும் மருந்து உண்பவர் ஆகியோருள் சிலர், மருத்துவரின் இசைவோடு நோன்பு நோற்க இயலும். அவர்கள் வரிசையை மாற்றிக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும். பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறக்கும்போதே மாத்திரையையும் உண்டுவிட்டு, மஃரிப் தொழுது முடித்து, அரை மணி நேரமாவது கழித்துக் கஞ்சி அருந்தலாம். தொழுகையே அந்த இடைவெளியைத் தந்துவிடுகிறது. ஸஹரிலும் அவ்வாறே எழுந்தவுடன் மாத்திரை, பிறகு உணவு. சிலருக்கு மெதுவாகக் கரையும் மாத்திரைகளை மருத்துவர் மாற்றித் தரக்கூடும். அவற்றை உடைத்தோ பொடித்தோ உண்ணலாகாது. தோலில் ஒட்டும் மருந்துப் பட்டையும் உண்டு. தோல்வழி உட்கவரப்படும் மருந்துப் பட்டை நோன்பை முறிக்காது என 1997இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்துள்ளது.

நாளுக்கு நான்கைந்து வேளை மாத்திரை உண்பவர், முன்னர்க் கீழே விழுந்தவர், எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் இறங்குபவர், விழுங்க இடர்ப்படுபவர் ஆகியோரின் நிலை வேறு. நீர் அருந்தாமை அழுத்தத்தை மேலும் தாழ்த்தும். இந்நோயாளர்க்கு இயல்பாகவே உள்ள மலச்சிக்கலை இறுக்கும். எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது, மாத்திரையைத் திடீரென நிறுத்துவது. கடும் காய்ச்சல், உடல் முழுதும் விறைப்பு, அறிவு மயக்கம் ஆகியவற்றோடு உயிருக்கே இறுதி விளைவிக்கக்கூடிய நிலை அதனால் ஏற்படலாம். அவ்வறிகுறிகள் கண்டால் மஃரிபுக்காகக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டென்பது திருமறையின் 'அல்பகரா' அத்தியாயத்திலேயே அமைந்த சட்டம். தீரும் எனும் நம்பிக்கையற்ற நோயுடையார் விடுபட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளிக்கலாம் என மார்க்க அறிஞர் பலர் விளக்குகின்றனர். இது நம் பெரியவர்கள் அறியாததன்று. அறிந்தும், ஊரே நோன்பிருக்கத் தாம் மட்டும் பகலில் தண்ணீர்க் குவளையைக் கையிலெடுக்க நாணுகின்றனர். மறைவாக மாத்திரையை விடுவது இந்நாணத்தால்தான் என்பது நம் கருத்து. இதனை வீட்டிலுள்ள இளையோர் உணர்தல் வேண்டும்.

கீட்டோ உணவு

மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பை மிகுதியாக உண்டால் உடல் கீட்டோன் என்னும் எரிபொருளை உண்டாக்கிக்கொள்கிறது. நெடுநேரம் உண்ணாதிருந்தாலும் ஓரளவு இது நிகழும். 1921இல் ரசல் வைல்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் வலிப்பு நோய்க்காக இவ்வுணவுமுறையை வகுத்தார். நடுக்குவாதத்தில் உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தி தடைப்படுகிறது. கீட்டோன் அத்தடையைச் சுற்றிச் சென்று ஆற்றல் தரக்கூடும் என்பது எலிகளில் செய்த ஆய்வுகளால் எழுந்த எண்ணம். 2005இல் வெளியான ஒரு சிற்றாய்வில் 7 பேர் இவ்வுணவை மேற்கொண்டு, 5 பேர் 28 நாள்களை நிறைவு செய்தனர்; அவர்களிடம் முன்னேற்றம் காணப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. 2018இல் நியூசிலாந்தில் 47 பேரை இரு குழுக்களாக்கி 8 வாரம் ஆய்ந்தனர். கொழுப்புக் குறைந்த உணவு உண்டோர், கீட்டோ உணவு உண்டோர் ஆகிய இரு சாராரும் அசைவில் முன்னேறினர். அசைவு சாராத தொல்லைகளில் கீட்டோ குழுவினர் கூடுதல் நலம் கண்டனர். ஆனால் அக்குழுவினருள் சிலருக்கு நடுக்கமும் இறுக்கமும் இடையிடையே மிகுந்தன. இச்சிறு அளவிலான சான்றுகளைக் கொண்டு நோய் தீரும் என்று கூறுதல் பொருந்தாது.

கீட்டோ என்று கேட்டவுடன் நம்மவர் மூன்று வேளையும் கறியும் முட்டையுமாக உண்ணத் தலைப்படுகின்றனர். அது கொழுப்புணவு மட்டுமன்று, புரத உணவுமாகும். மாத்திரையின் வாயிலை அடைக்கும். முன்னரே மெலிந்த நோயாளர் மேலும் மெலிவர். நீரிழிவு மருந்தும் உண்பவர்க்குச் சர்க்கரை அபாயமாகத் தாழக்கூடும்.

மறுபுறம், உண்ணாதிருந்த வயிற்றில் மாத்திரை போட்டிக்கு ஆளின்றி விரைந்து ஏறும். 'நோன்பு வைத்தேன், கை நடுக்கம் நின்றது' எனச் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சில நாள்களில் கண்ட அந்நலம் நோய் குறைந்ததனால் அன்று, மருந்து முழுதாகச் சென்று சேர்ந்ததனால் இருக்கலாம். அதனை நோய் தீர்ந்ததாகக் கொண்டு மாத்திரையைக் குறைத்தால் நிலை தலைகீழாகும். சிலருக்கு அதே அளவு மாத்திரை மிகையாகி, உடல் தானே நெளியும் அசைவுகள் தோன்றுவதுமுண்டு.

நோன்போ கீட்டோவோ, தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னரே, ஷஃபான் பிறக்கும்போதே, மருத்துவரைக் காண்பது நலம். செல்லுமுன் ஒரு வாரம் குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும்: மாத்திரை உண்ட மணி, உடல் இளகிய மணி, மீண்டும் இறுகிய மணி, உண்ட உணவு. இந்நான்கு வரிகள் இருந்தால் மருத்துவர் ஊகிக்க வேண்டியதில்லை.

நம் தமிழாசிரியரும் அவ்வாறு எழுதிச் சென்றார். அவருடைய மாத்திரை மூன்றரை மணி நேரமே தாங்குவது தெரிந்தது. நோன்பு வேண்டாமென்றார் மருத்துவர். பள்ளிவாசல் இமாமும் அதையே உறுதி செய்தார். இப்போது ரமழானில் மாலை 4 மணி மாத்திரையை மறைக்காமல் உண்டுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வருகிறார். கை இளகியிருக்கும் அந்நேரத்தில் சிறுவர்களுக்குக் கஞ்சிக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கித் தருவது அவர் வேலை.