மலைக்கும் மழைக்கும் ஏற்ற மணிக்கூடு

நேரம் பார்ப்பதற்கு மாத்திரமே கைக்கடிகாரம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று அக்கடிகாரமே நம்முடன் மலையேறுகின்றது. எவ்வளவு உயரம் ஏறினோம், எத்திசை நோக்கி நிற்கின்றோம், மழை வருமா, இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கின்றது என்பனவற்றையெல்லாம் மணிக்கட்டிலிருந்தே அறிவிக்கும் கருவிகள் கடைகளை நிறைத்துள்ளன. விடுமுறை வந்ததும் சிவனொளிபாதமலைக்கும், ஹோர்ட்டன் சமவெளிக்கும், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கும் புறப்படும் மாணவர் பலர், இத்தகைய கடிகாரம் ஒன்றை வாங்கித் தருமாறு பெற்றோரை வேண்டுகின்றனர். விலையோ சில ஆயிரம் ரூபாவில் தொடங்கிச் சில இலட்சம் வரை செல்கின்றது.

எதை வாங்குவது? வசதிகள் மிகுந்தது எதுவோ அதுவே சிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. கருவி காட்டும் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது ஐயுற வேண்டும் என்று அறிந்தவருக்கே அது துணையாகும். அறியாதவருக்கு அதுவே ஆபத்தாகவும் முடியலாம். அந்தி சாயும் வேளையில் காட்டு வழியில் பிழையான எண்ணொன்றை நம்பி நடப்பது, அலுவலகத்துக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போவது போன்றதன்று.

உடையாத கடிகாரம் பிறந்த கதை

கைக்கடிகாரம் தொடக்கத்தில் மென்மையான பொருளாகவே இருந்தது. தூசியும் நீரும் புகாத உறையுடன் றோலெக்ஸ் நிறுவனம் 1926ஆம் ஆண்டில் ஒரு கடிகாரத்தை வெளியிட்டது. மறு ஆண்டில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் ஆங்கிலேய நங்கை ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரில் நீந்தியபோது அதனை அணிந்து சென்றார். நீருக்கு அஞ்சாத கடிகாரம் உண்டென்று உலகம் நம்பத் தொடங்கியது அதன் பின்னரே.

அடிக்கும் விழுகைக்கும் அஞ்சாத கடிகாரம் வருவதற்கு மேலும் அரை நூற்றாண்டு சென்றது. யப்பானியக் கசியோ நிறுவனத்தின் பொறியியலாளர் கிக்குவோ இபே 1981ஆம் ஆண்டில் இம்முயற்சியில் இறங்கினார். 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது. 10 வளிமண்டல அமுக்கத்தைத் தாங்க வேண்டும். மின்கலம் 10 ஆண்டு உழைக்க வேண்டும் என்பன அவர் வகுத்த மூன்று இலக்குகள். ஏறத்தாழ 200 மாதிரிகளை மூன்றாம் மாடிக் கழிப்பறை யன்னலிலிருந்து கீழே போட்டுப் போட்டுச் சோதித்தார். ஒன்றன்பின் ஒன்றாக அவை பழுதடைந்தன. பூங்காவில் ஒரு சிறுமி பந்தைத் தரையில் தட்டி விளையாடுவதைக் கண்டபோதுதான் அவருக்கு வழி பிறந்தது. பந்தின் உட்புறம் வெறுமையாக இருப்பதால் வெளியே பட்ட அடி நடுவிடத்தைச் சென்றடைவதில்லை. அதுபோலக் கடிகாரத்தின் இயந்திரத்தையும் உறைக்குள் சில புள்ளிகளில் மாத்திரம் தாங்கி நிற்க வைத்தார். 1983ஆம் ஆண்டில் அக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. இன்றைய வன்மையான கடிகாரங்கள் பலவற்றுக்கு அதுவே முன்னோடி.

எழுத்தும் பொருளும்

கடிகாரத்தின் முதுகில் பொறித்திருப்பதை வாசிக்கும்போது கவனம் வேண்டும். 30 மீற்றர் என்று இருந்தால், அதனை அணிந்துகொண்டு 30 மீற்றர் ஆழத்துக்குச் செல்லலாம் என்பது பொருளன்று. அவ்வாழத்துக்குரிய அமுக்கத்தை ஆய்வுகூடத்தில் தாங்கிற்று என்பதே பொருள். கைவீசி நீந்தும்போதும் நீரில் பாயும்போதும் ஏற்படும் தாக்கம் வேறு. எனவே 30 மீற்றர் என்பது கைகழுவுவதற்கும் தூறலுக்கும் போதும். 50 மீற்றர் மெதுவான நீச்சலுக்குப் போதும். திருகோணமலைப் புறாத்தீவில் முகமூடி அணிந்து நீந்திப் பவளப்பாறை பார்ப்பவருக்கு 100 மீற்றர் வேண்டும். காற்றுக்கலத்துடன் ஆழ்கடலில் இறங்கும் சுழியோடிகள் ஐ.எஸ்.ஓ. 6425 என்னும் நியமத்துக்கு அமைந்ததையே தேட வேண்டும். எதுவாயினும், நீருக்குள் இருக்கும்போது பொத்தான்களை அமுக்கலாகாது என்று தயாரிப்பாளர் கூறியிருந்தால் அதனை மீறக் கூடாது. கடலாடிய பின் நன்னீரில் கழுவ வேண்டும். நீர் புகாது காக்கும் இறப்பர் வளையமும் காலத்தால் தளரும். ஆதலால் மின்கலம் மாற்றும் போதெல்லாம் அதனையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"இராணுவத் தரம்" என்னும் சொல் பலரை மயக்குகின்றது. அமெரிக்கப் படைத்துறை 1962ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுப்பையே அது குறிக்கின்றது. அத்தொகுப்பில் வெப்பம், அதிர்ச்சி, ஈரம், மணற்புயல் எனப் பல சோதனைகள் உள்ளன. அவற்றுள் எவற்றை நடத்துவது என்பதைத் தயாரிப்பாளரே தெரிந்துகொள்கின்றனர்; சான்றிதழ் வழங்கும் தனிச்சபை எதுவும் இல்லை. எனவே எந்தச் சோதனைகளில் தேறியது என்று கேட்பதே முறை.

கண்ணாடியிலும் இருவகை உண்டு. விலை கூடிய கடிகாரங்களில் உள்ளது செயற்கை நீலக்கல். இரத்தினபுரி மண்ணில் கிடைக்கும் நீலக்கல்லும் அதுவும் ஒரே கனிமம். மணலால் அதில் கீறல் விழாது. ஆயினும் பாறையில் ஓங்கி மோதினால் உடையக்கூடும். சாதாரண கனிமக் கண்ணாடியில் கீறல் விழும், விலை குறைவு. கைப்பட்டியைப் பொறுத்தவரை, வியர்வையும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் சில பிசின் பட்டிகள் சில ஆண்டுகளில் வெடித்துவிடுகின்றன. மாற்றுப் பட்டி எளிதிற் கிடைக்குமா என்று முதலிலேயே விசாரிப்பது நன்று.

உயரத்தை எவ்வாறு அறிகின்றது?

இவ்வகைக் கடிகாரங்களுள் உயர்ந்தவை பாரமானி ஒன்றைத் தம்முள் அடக்கியுள்ளன. மேலே செல்லச் செல்லக் காற்றின் அமுக்கம் குறையும் என்பதை மாணவர் அறிவர். கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் அமுக்கம் 1 ஹெக்டோபஸ்கால் குறைந்தால் ஏறத்தாழ 8 மீற்றர் ஏறினோம் என்பது கணக்கு. 2,000 மீற்றர் உயரத்தில் அதே குறைவுக்கு ஏறத்தாழ 10 மீற்றர். 

ஆனால் அமுக்கம் உயரத்தால் மாத்திரம் மாறுவதில்லை, வானிலையாலும் மாறும். இரண்டையும் பிரித்தறியக் கடிகாரத்தால் முற்றாக இயலாது. மேலும், வெப்பவலய நாடுகளில் கடலுக்கு உள்ளதுபோலக் காற்றுக்கும் அன்றாட ஏற்றவற்றம் உண்டு. காலை 10 மணியளவில் உச்சத்தில் நிற்கும் அமுக்கம் மாலை 4 மணியளவில் 2 முதல் 4 ஹெக்டோபஸ்கால் வரை இறங்கிவிடும். இரவில் மீண்டும் ஏறி, அதிகாலையில் மீண்டும் இறங்கும். இதனால் காலை முதல் மாலை வரை ஒரே பாறையில் அமர்ந்திருந்தாலும், 20 அல்லது 30 மீற்றர் ஏறிவிட்டதாகக் கடிகாரம் காட்டக்கூடும்.

புயல் எச்சரிக்கையின் நிலையும் இதுவே. சில கடிகாரங்கள், 3 மணித்தியாலத்தில் அமுக்கம் 4 ஹெக்டோபஸ்கால் குறைந்தால் ஒலியெழுப்பும். பெருஞ் சூறாவளிகள் உலவும் குளிர்நாடுகளுக்கு அது நன்கு பொருந்தும். நம் மலைநாட்டில் பருவப்பெயர்ச்சி இடைக்காலத்துப் பிற்பகல் இடிமழைகளோ, அமுக்கத்தைப் பெரிதும் குறைக்காமலே திடீரென வந்துவிடுகின்றன. கடிகாரம் மௌனமாயிருக்கின்றது என்பதற்காக உச்சியில் நின்றுவிடக் கூடாது. கருமுகில் திரள்வதைக் கண்ணாற் கண்டதும் இறங்குவதே அறிவுடைமை.

இதனால் பாரமானி பயனற்றது என்று கூறவில்லை. உயரம் தெரிந்த இடத்தில் அதனைத் திருத்திக்கொண்டால் மிகவும் உதவும். மலைநாட்டுப் புகையிரத நிலையப் பலகைகளில் உயரம் எழுதப்பட்டிருக்கும். அங்கே திருத்திக்கொண்டு புறப்படலாம். சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர் என்பதை நினைவில் வைத்திருப்பவர் இன்னும் எவ்வளவு ஏற வேண்டும் என்பதையும் அறியலாம்.

திசையும் வழியும்

திசைகாட்டி வசதி மின்காந்த உணரியால் இயங்குவது. இரும்பு வேலி, வாகனம், கைத்தொலைபேசி ஆகியன அருகிலிருந்தால் அது தடுமாறும். மின்கலம் மாற்றிய பின்னரும் திருத்தம் செய்ய வேண்டும். கையைச் சமமாகப் பிடிக்காவிடின் சிலவற்றில் திசை பல பாகை பிழைக்கும்.

செய்மதி வழிகாட்டி பெரும் வசதி என்பதில் ஐயமில்லை. வானிலுள்ள நான்கு செய்மதிகளேனும் அனுப்பும் நேரக் குறிகளைக் கொண்டு நாம் நிற்குமிடத்தை அது கணிக்கின்றது. திறந்த வெளியில் சில மீற்றருக்குள் சரியாகக் கூறும். அடர்ந்த காட்டிலும் செங்குத்தான பள்ளத்தாக்கிலும் அந்தக் குறிகள் பாறையிலும் மரத்திலும் பட்டுத் திரும்புவதால் பிழை கூடும். இரண்டு அலைவரிசைகளைப் பெறும் புதிய வகைகள் இதில் மேலானவை. வந்த வழியே திரும்புவதற்குத் தடம் காட்டும் வசதிதான் இதன் தலையாய பயன். புறப்படும் இடத்திலேயே அதனை இயக்கிவிட வேண்டும். வழி தவறிய பின் இயக்குவதிற் பயனில்லை.

மின்கலத்தின் ஆயுள்

வசதிக்கு விலை பணத்தில் மாத்திரமன்று, மின்சாரத்திலும் கொடுக்க வேண்டியுள்ளது. எளிய இலக்கக் கடிகாரம் ஒரு மின்கலத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடும். செய்மதிக் கடிகாரமோ, வழிகாட்டியை இடைவிடாது இயக்கினால், பெரும்பாலும் சில பத்து மணித்தியாலங்களே தாங்கும். இரண்டு நாள் காட்டில் தங்குபவர் இக்கணக்கைப் பார்க்காமல் வாங்கினால், தேவைப்படும் வேளையில் கையில் இருப்பது வெறுங்கண்ணாடியாகிவிடும். மழைநீர் பட்டால் தொடுதிரை விரல் பட்டதாக மயங்குவதும் உண்டு. ஆதலால் பொத்தான்கள் உள்ளதே காட்டுக்கு உகந்தது.

யாருக்கு எது?

ஆண்டுக்கு ஓரிரு முறை நண்பர்களுடன் மலையேறும் மாணவருக்கு 100 மீற்றர் நீர்த்தாங்குதிறனும், ஒலியெழுப்பியும், வெளிச்சமும் உள்ள எளிய இலக்கக் கடிகாரமே போதும். அடிக்கடி மலைநாட்டில் அலைபவருக்குப் பாரமானியும் திசைகாட்டியும் சேர்ந்தது ஏற்றது. சூரிய ஒளியில் இயங்குவதாயின் இன்னும் நன்று. தனிவழி நடப்போரும் நெடுந்தூர ஓட்டக்காரருமே செய்மதிக் கடிகாரத்துக்குச் செலவிடுவதில் நியாயமுண்டு. இதயத்துடிப்பை மணிக்கட்டில் பச்சை ஒளியால் அளக்கும் வசதி பயிற்சிக்கு உதவும். பட்டி தளர்ந்திருந்தால் பிழைக்கும். வைத்தியரின் கருவிக்கு அது ஈடாகாது.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். புகழ்பெற்ற பெயர்களில் போலிகள் மலிந்துள்ளன. சிலவற்றில் திசைகாட்டி முகப்பில் அச்சிட்ட படமாகவே இருக்கும். கையில் வைத்துச் சுற்றித் திரும்புங்கள். திசை எண் மாறுகின்றதா? மூன்று மாடி ஏறிப் பாருங்கள். உயரம் ஏறத்தாழ 10 மீற்றர் கூடுகின்றதா? கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களைத் தடவி இயக்க முடிகின்றதா? உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள்.

இறுதியாக ஒன்று. இத்தனை வசதிகளுள்ளும் உயிரைக் காப்பதில் முதலிடம் பெறுவது பழைய வசதியான நேரமேயாகும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் சூரியன் மாலை ஆறு மணியை ஒட்டியே மறைகின்றது. அந்தி வெளிச்சமும் நெடுநேரம் நில்லாது. ஏறத் தொடங்குமுன், எத்தனை மணிக்குத் திரும்பி இறங்குவது என்று முடிவு செய்து அந்நேரத்துக்கு ஒலியெழுப்பியை வைத்துவிடுங்கள். அந்நேரத்தை வீட்டாரிடமும் சொல்லிச் செல்லுங்கள். மணி ஒலித்ததும், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் திரும்புங்கள். மலை அடுத்த விடுமுறையிலும் அங்கேயே இருக்கும். அந்த மணிக்குக் கீழ்ப்படிபவர் கையில் மலிவான கடிகாரமும் விலைமதிப்பற்றதே.