கொதிக்க வைத்தால் போதுமா?

“டாக்டர் ஐயா, தண்ணியை நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடிக்கிறோம். வேற என்னதான் செய்யறது?”

வாணியம்பாடி பக்கத்திலிருந்து புதுச்சேரியில் மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா கேட்டார். காலில் தோல் தடித்து, கறுத்து, ஓயாத அரிப்பு. குளிப்பது, துவைப்பது எல்லாம் பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீரில்தானாம். அரிப்புக்குக் காரணங்கள் பல. ஆனால் அந்தப் பக்கத்துக்காரர் என்றால், ‘எந்தத் தண்ணீர்?’ என்று கேட்காமல் மருந்து எழுதக் கூடாது.

ஏன் தெரியுமா? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு வாரக்கணக்கில் பதனிட்டார்கள். நாங்கள் மருந்துக்கு எடுக்கிற அதே சரக்குகள்தான்! அதிலும் கழிவு உண்டு. ஆனால் குரோமியம் கிடையாது. பிறகு குரோமிய உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. கழிவில் குரோமியமும் கலந்தது.

பாலாற்றில் பெரும்பாலான நாட்கள் மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கும். மேலே விட்ட கழிவு அங்கே இறங்கி, கிணறுகளுக்கும் போய்விட்டது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையம் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், ‘கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும்’ என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது!

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். ‘கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ என்று பல வருஷம் சொல்லி அனுப்பியவன்தான் நானும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். தேற்றான் கொட்டையைப் பானையில் உரைத்தால் கலங்கல் தெளியும். ஆனால் கரைந்திருக்கும் உப்பும் குரோமியமும் இரண்டுக்கும் அசையாது. ரசம் சுண்டினால் உப்புக் கரிக்கிறதல்லவா? அதேபோலத்தான், தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடும்.

அதனால் இவற்றைக் கவனியுங்கள்:

* தொழிற்சாலைப் பகுதியில் கிணறோ போர் தண்ணீரோ உபயோகித்தால், வருஷத்துக்கு ஒரு முறையாவது பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். உப்போடு குரோமியமும் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

* கெட்டது என்று தெரிந்தால் குடிக்க, சமைக்க, குழந்தைக்குப் பால் கலக்க வேறு தண்ணீர்தான். ஆர்.ஓ. இயந்திரம் உப்பையும் குரோமியத்தையும் பெருமளவு குறைக்கும். சாதாரண மெழுகுவத்தி ஃபில்டர் குறைக்காது.

* பொன்னாங்கண்ணி, வல்லாரை, கரிசலாங்கண்ணி நல்ல கீரைகள். ஆனால் கழிவுநீர் ஓரம் வளர்ந்தால், அந்த நீரிலுள்ள உலோகத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். எங்கே பறித்தது என்று கேட்டு வாங்குங்கள்.

‘அது பாலாற்றுக் கதை, நமக்கென்ன?’ என்று இருந்துவிடாதீர்கள். புதுச்சேரியில் நாம் குடிப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். சங்கராபரணி ஓரத்திலோ வாய்க்காலிலோ நிறம் மாறிய கழிவு ஓடினால், தெருக்காரர்கள் சேர்ந்து மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

அந்த அம்மாவுக்கு வெளிப்பூச்சாகத் தைலம் கொடுத்தேன். கூடவே, கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லிச் சீட்டும் எழுதினேன். “முதல்ல தண்ணியைப் பாருங்க, அப்புறம் தைலம்” என்றேன். உங்களுக்கும் அதேதான்!