வேர் தேடும் வாரங்கள் – 9: தவலையின் கழுத்தில் இருந்த பூட்டி

சென்ற வாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்த பத்திரங்களோடு நிறுத்தியிருந்தேன். அப்பா, தாத்தா, பூட்டன், அவருக்கும் மேலே ஒருவர் என நான்கு தலைமுறைப் பெயர்கள் கைக்கு வந்துவிட்டன. பழைய கிரயப் பத்திரத்தின் நடை அப்படி. எழுதிக் கொடுப்பவர் 'இன்னார் குமாரர் இன்னார்', எழுதி வாங்குபவரும் 'இன்னார் குமாரர் இன்னார்'. ஒரு தாள் கிடைத்தால் இரண்டு தலைமுறை கிடைத்த மாதிரி.

பதினொரு நகல்களையும் வரிசையாகக் கூடத்தில் பரப்பி வைத்துப் பார்த்த இரவில்தான் எனக்கு உறைத்தது. அத்தனை தாளிலும் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. வரப்பு இருந்தது, வாய்க்கால் இருந்தது, தென்னை மரம் எத்தனை என்ற கணக்கு இருந்தது. என் தாத்தாவைப் பெற்றவள் இல்லை. வீட்டில் எல்லாரையும் கேட்டேன். 'பூட்டி' என்றார்கள், 'பெரிய ஆச்சி' என்றார்கள். பெயர் எவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் பெரியத்தையைக் கூப்பிட்டேன். கும்பகோணம் பக்கம் இருக்கிறார், வயது எண்பத்தாறு. விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்ன பதில் இது: "பத்திரத்துல போய் ஏண்டா பொம்பளை பேரைத் தேடுற? பரண்ல தேடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பரணில் ஏறினேன். அண்டா, போகிணி, அடி ஓட்டையான சொம்பு. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பித்தளைத் தவலை. "அதுதான். எங்கப்பாவோட அம்மா கல்யாணத்துக்குக் கொண்டாந்தது. கழுத்துக்குக் கீழ பாரு, பேரு வெட்டியிருக்கும்." களிம்பு ஏறிக் கறுத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்க்கப் போன என் கையை அத்தை பிடித்துக்கொண்டார். ஏற்கெனவே தேய்ந்திருக்கும் எழுத்தை மேலும் தேய்த்தால் போயே போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, கொஞ்சம் விபூதியை அந்த இடத்தில் தடவி, மேலாக ஊதச் சொன்னார். புள்ளிப் பள்ளங்களில் மட்டும் வெள்ளை தங்கியது. எழுத்துகள் எழுந்து வந்தன.

பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர் அந்நாளில் சிறு உளியும் சுத்தியும் வைத்துப் புள்ளி புள்ளியாகத்தான் அடிப்பார். எழுத்தே புள்ளிகளால் ஆனதால் மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி எது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். 'ம' என்று நினைத்தது 'ம்' ஆக இருக்கலாம். 'லை', 'னை', 'றா' போன்றவை 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தைய பழைய வடிவத்தில் இருக்கும். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விரலால் தடவித் தடவிப் படித்தோம். முதலில் 'தி'. அடுத்து அவள் தகப்பனாரின் முதலெழுத்து. அதற்கடுத்து ஐந்தெழுத்தில் அவள் பெயர். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பெண்கள் தாங்கி நிற்கிறார்கள். அது பூட்டியின் பெயர் என்று தெரியாமலேயே வைத்தது. அவர்கள் பொருட்டு அதை இங்கே அச்சில் தரவில்லை.

கல்யாணம், காதுகுத்து என்றால் தெருவில் பாத்திரங்கள் இரவல் போகும். திரும்பி வரும்போது மாறிவிடக் கூடாது என்பதற்காகப் பெயர் வெட்டினார்கள். ஆனால் சீராக வரும் பாத்திரத்தில் யார் பெயரை வெட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மாப்பிள்ளை பெயரை அல்ல, மணப்பெண்ணின் பெயரை. அதுவும் பிறந்த ஊர், தகப்பனார் முதலெழுத்தோடு. நிலமெல்லாம் ஆண்கள் பெயரில் இருந்த காலத்தில், ஒரு பெண் 'இது என்னுடையது' என்று சொல்லக்கூடிய சொத்து சீதனம் ஒன்றுதான். அதனால்தான் பத்திரம் மறந்த பெயர் பித்தளையில் இருக்கிறது.

'தி' என்பது எந்த ஊர்? தஞ்சாவூர்ப் பக்கத்தில் 'திரு'வில் தொடங்கும் ஊருக்குப் பஞ்சமா? அத்தை யோசித்துச் சொன்னார்: "ஏழூர்ப் பல்லக்கு ஐயாத்தை விட்டுக் கிளம்பினா மொதல்ல எங்க ஊருக்குத்தான் வரும்னு பாட்டி பெருமையாச் சொல்லும்டா." சப்தஸ்தானத் திருவிழாவின் ஏழு ஊர்களும் 'தி'யில்தான் தொடங்குகின்றன: திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று வழங்கும் திருநெய்த்தானம். முதலெழுத்தை மட்டும் வைத்து ஏழில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் திருவையாற்றிலிருந்து புறப்படும் பல்லக்கு முதலில் போவது திருப்பழனத்துக்கு. ஒரு சிறுமியின் ஊர்ப்பெருமை நூறு வருஷம் கழித்து எனக்கு முகவரி ஆனது.

ஊரும் பெயரும் தெரிந்தபின் மறுபடி பதிவு அலுவலகம் போனேன், இந்த முறை அவள் பிறந்த ஊருக்குரிய அலுவலகத்துக்கு. பத்திரப் பதிவுக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று சொத்தை வைத்துத் தேடுவது. நாம் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது அதில்தான். இன்னொன்று எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களை வைத்துத் தேடுவது. குடும்பம் தேடுகிறவர்களுக்குப் பெயர் அட்டவணையே உயிர். 1975-க்குப் பிந்தைய வில்லங்க விவரங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அதற்கு முந்தையதற்கு மனு கொடுத்து, கட்டணம் கட்டி, பழைய ஏடுகளைத் தேடச் சொல்ல வேண்டும். மூன்று நாள் அலைந்தேன். 1907-ஆம் வருஷத்து ஏட்டில் இருந்தது: 'என் குமாரத்தி' என்று தொடங்கி, அவள் பெயரைச் சொல்லி, மஞ்சள்காணியாக அரைக்காணி நிலம் எழுதிவைத்திருக்கிறார் அவள் தகப்பனார். மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று மகளுக்குக் கொடுக்கும் நிலம் அது. அந்த நிலம் பிறகு யார் கைக்குப் போனது என்பது தனிக் கதை. எனக்கு அந்த 'குமாரத்தி' என்ற சொல் போதுமாக இருந்தது.

பெண்களின் பெயர் பத்திரத்தில் வரிசையாகக் கிடைக்கும் இடம் இன்னொன்று உண்டு. அதைச் சொல்ல மனசு வலிக்கிறது. விடுதலைப் பத்திரம். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து, தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று ஆனபின், அண்ணன் தம்பிகள் சகோதரிகளிடம் 'எனக்குப் பாத்தியம் ஏதுமில்லை' என்று எழுதி வாங்கினார்கள். அந்தப் பத்திரத்தில்தான் எல்லா மகள்களும் இருக்கிறார்கள்: பெயர், வயது, கணவர் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர், கீழே இடது பெருவிரல் ரேகை. என் அத்தைகள் மூவரும் அப்படி ஒரே தாளில் இருக்கிறார்கள். உரிமையை விட்டுக்கொடுத்த அன்றுதான் அரசாங்க ஏடு அவர்கள் பெயரை முழுதாகக் கேட்டிருக்கிறது. உங்கள் குடும்பத்தில் தொலைந்துபோன ஓர் அத்தை, சித்தி கிளையைத் தேடுகிறீர்கள் என்றால் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

நம் வட்டாரம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது ஏராளமான பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல், இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்துகொண்டார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயர் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் வட மாநிலத்தவர்.

இதற்கு நேர் எதிரான ஓர் ஏட்டையும் பார்த்திருக்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல், 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். கப்பல் பட்டியலில் பெண்ணுக்கும் தனி வரி, தனி எண். அவள் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடலில் உள்ள அடையாளத் தழும்பு. வெள்ளைக்கார எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் 'கவுண்டர்' அங்கே 'கோவெண்டர்' ஆனது, 'முனுசாமி' 'மூன்சாமி' ஆனது. இருந்தும் ஐந்தாம் தலைமுறைப் பேத்தி இன்று அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வட ஆற்காட்டுக் கிராமத்துக்கு வந்து நிற்கிறாள். அன்று கப்பலேறியவளை உழைக்கும் உடலாக எண்ணிய ஏடு அவள் பெயரைக் காப்பாற்றியிருக்கிறது. நிலம் வைத்திருந்த குடும்பங்களின் ஏடுகள் செய்யாததை அது செய்தது.

கிறிஸ்தவக் குடும்பத்தார் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் தாயின் பெயரும் ஞானத்தாயின் பெயரும் இருக்கும். நகரத்தார் வீடுகளில் கல்யாணத்தின்போது எழுதும் இசைகுடிமான ஓலையும் சீர்ச் சாமான் பட்டியலும் இருக்கும்.

இனி ஜாதகம். தவலை கிடைத்த அன்றே அத்தை ஒரு துணிமூட்டையையும் அவிழ்த்தார். அதில் ஓர் ஓலை. பெண் ஜனனம் என்று இருக்கிறது, பெயர் இல்லை. பெயர் சூட்டுமுன்பே எழுதிவிடும் ஜாதகத்தில் அது சகஜம். 'நந்தன வருஷம் ஆவணி மாதம்'. நம் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். நந்தன என்றால் 1832-உம் ஆகலாம், 1892-உம் ஆகலாம். பூட்டியா, பூட்டியின் பாட்டியா? பாட்டன், பாட்டி பெயரைப் பேரன், பேத்திக்கு வைப்பது நம் வழக்கம். ஆகவே பெயர் எழுதியிருந்தால்கூடக் குழப்பம் தீர்ந்திருக்காது. இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை பெயரும் திரும்புகிறது, வருஷமும் திரும்புகிறது.

இந்த முடிச்சை ஜாதகக் கட்டமே அவிழ்க்கிறது. அறுபது ஆண்டில் குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடித்து ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடுவதால் அவற்றால் பயனில்லை. ராகுவைப் பாருங்கள். அது ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது சுமார் 18.6 ஆண்டு. அறுபதில் மூன்று சுற்று போக மிச்சம் விழும். அதனால் இடம் மாறியே இருக்கும். 1832 ஆவணியில் ராகு கடகத்தில், 1892 ஆவணியில் மேஷத்தில். எங்கள் ஓலையில் மேஷக் கட்டத்தில் 'ரா' என்று கீறியிருக்கிறது. ஆக, 1892. மஞ்சள்காணி எழுதியபோது அவளுக்குப் பதினைந்து வயது.

ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு பிறந்த மாதம். இவ்வளவுதான் இப்போது என்னிடம் இருக்கிறது. அவள் முகம் எப்படி இருக்கும் என்று பெரியத்தையைக் கேட்டேன். "காது பெருசா இருக்கும், தண்டட்டி போட்டுத் தொங்கும். ராத்திரி எங்களையெல்லாம் அதைப் பிடிச்சு இழுத்து விளையாட விடும்" என்றார். எந்த ஏட்டிலும் இது கிடைக்காது. அதனால் அன்றிரவே நோட்டில் எழுதி, தேதி போட்டு, சொன்னவர் பெயரையும் எழுதிவைத்தேன்.

தீபாவளி நெருங்குகிறது. பரணைச் சுத்தம் பண்ணுவீர்கள், பழைய பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டுப் புது எவர்சில்வர் வாங்குவீர்கள். பட்டறைக்குப் போனால் அது ஒரு மணி நேரத்தில் உருகிவிடும். போடுவதற்கு முன் ஒவ்வொரு பாத்திரத்தையும் திருப்பி, கழுத்தையும் அடியையும் பாருங்கள். பெயர் இருந்தால் விபூதி தடவிப் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் மூத்த பெண்மணி இருந்தால் அந்தப் பாத்திரத்தை அவர் மடியில் வைத்து, இது யார் கொண்டுவந்தது என்று கேளுங்கள். அடுத்த தீபாவளிக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

(தொடரும்)