ஒழுகும் இருதயக் கதவு

நமது இருதயத்தின் இடப்பாகத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு வாயில் உண்டு. அதற்கு இரட்டைக் கதவு. கீழறை சுருங்கி இரத்தத்தை உடலெங்கும் செலுத்தும்போது இக்கதவு இறுக மூடிக்கொள்ளும். கிறிஸ்தவ ஆயர் அணியும் ‘மைட்டர்’ என்னும் தலையணியை ஒத்திருத்தலால், இதனை மைட்ரல் வால்வு என்பர்.

இக்கதவு ஒழுகுவதற்குக் காரணங்கள் இருவகை. வீட்டுக் கதவை எண்ணிப் பாருங்கள். பலகை உளுத்துப்போனால் கதவு சேராது. பலகை நன்றாயிருந்தும், சுவர் விலகி நிலை அகன்றுவிட்டால் அப்போதும் சேராது. இருதயம் வலுவிழந்த நோயாளிகளிடம் பெரும்பாலும் காண்பது இரண்டாம் வகை. கீழறை தளர்ந்து விரிகிறது. கதவின் இரு இதழ்களும் ஒன்றையொன்று எட்டுவதில்லை. முன்னே செல்லவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு பின்னே திரும்புகிறது. நுரையீரலில் நீர் தேங்க, மூச்சு வாங்குகிறது, கால்கள் வீங்குகின்றன, நோயாளி மீண்டும் மீண்டும் மருத்துவமனையை நாடுகிறார்.

குற்றம் சுவரில் இருக்க, கதவை இழுத்துச் சேர்ப்பதனால் பயன் உண்டா? இதுவே மருத்துவ அறிஞர்களை நெடுங்காலம் வருத்திய வினா.

1991-ஆம் ஆண்டில் அல்ஃபியேரி என்னும் இத்தாலிய அறுவை மருத்துவர், இரு இதழ்களின் விளிம்புகளையும் நடுவில் சேர்த்துத் தைக்கும் முறையைக் கையாண்டார். அதன் இருபுறமும் இரத்தம் செல்ல வழி இருந்தது. பின்னாளில் இக்கருத்தைத் தழுவி ‘மைட்ராகிளிப்’ என்னும் சிறு கவ்வி உருவாயிற்று. மார்பைப் பிளக்க வேண்டுவதில்லை. தொடையின் சிரை வழியே குழாயைச் செலுத்தி, மேலறைகளுக்கு இடையேயுள்ள சுவரைத் துளைத்து, துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்திலேயே இரு இதழ்களையும் கவ்வச் செய்கின்றனர். கசிவு குறைவதை ஒலியலைப் படத்தில் அப்பொழுதே காணலாம்.

ஆனால் கசிவு குறைவது வேறு. ஆயுள் நீள்வது வேறு. பின்னதை அறியப் பரீட்சை தேவை. பள்ளியில் முப்பத்தைந்தாண்டுகள் பரீட்சை நடத்திய எனக்கு, இச்சோதனையின் நேர்மையே முதலில் கருத்தைக் கவர்ந்தது. யாருக்குக் கவ்வி, யாருக்கு மருந்து மட்டும் என்பதை மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை. திருவுளச் சீட்டுப் போடுவது போலவே தீர்மானிக்கின்றனர். மருத்துவரே தெரிவு செய்தால், தேறக்கூடியவர்களையே கவ்விக்குத் தெரிவு செய்துவிடக் கூடுமன்றோ? மருந்து மட்டும் பெற்றவர்க்கு இது அநீதி இல்லையா என்று கேட்கலாம். எது நலம் என்று ஒருவருக்கும் தெரியாத நிலையில்தான் இவ்வாறு செய்யலாம், தெரிந்தபின் செய்யலாகாது.

2018-ஆம் ஆண்டில், சில வாரங்களே இடைவிட்டு, இரு சோதனைகளின் முடிவுகள் வெளிவந்தன. பிரான்சில் 304 நோயாளிகள் பங்குகொண்ட ‘மைட்ரா-எஃப்ஆர்’ சோதனையில், ஓராண்டுக்குள் இறந்தவரும் இருதயத் தளர்ச்சியால் மருத்துவமனை சேர்ந்தவருமாக, கவ்வி பெற்றோரில் 100-க்கு 54.6 பேர், மருந்து மட்டும் பெற்றோரில் 51.3 பேர். ஆதாயம் எதுவும் புலப்படவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 614 பேரிடம் நடந்த ‘கோஆப்ட்’ சோதனையிலோ, ஈராண்டில் இறந்தோர் மருந்துக் குழுவில் 100-க்கு 46.1, கவ்விக் குழுவில் 29.1. பதினேழு உயிர்களின் வேறுபாடு!

ஒரே கருவி ஓரிடத்தில் தோற்று, மற்றோரிடத்தில் வென்றது எங்ஙனம்? பரீட்சை எழுதியவர்கள் ஒத்தவர்களல்லர். பிரெஞ்சு நோயாளிகளின் கசிவுத் துளை சராசரி 31 சதுர மில்லிமீட்டர். கோஆப்ட் நோயாளிகளுக்கு 41. ஆயினும் இருதய அறை பிரெஞ்சு நோயாளிகளுக்கே அதிகம் விரிந்திருந்தது. அதாவது, அங்கே சுவரின் கேடு மிகுதி. இங்கே கதவின் ஒழுக்கு மிகுதி. மேலும், கோஆப்டில் மருந்துகள் தாங்குமளவு முழுமையாகக் கொடுக்கப்பட்டனவா என்று ஒரு குழு ஆராய்ந்த பின்னரே நோயாளியைச் சேர்த்தனர்.

இவ்விளக்கத்தோடு வழக்கு முடிந்துவிடவில்லை. 2024-இல் வெளிவந்த ‘ரீஷேப்-எச்எஃப்2’ சோதனையில் 505 பேர் பங்குகொண்டனர். கசிவு அத்துணை மிகாதவர்கள் பலர் அதில் இருந்தும், கவ்வி பெற்றோர் மருத்துவமனை சேர்வது குறைந்தது. ஆகவே துளையின் அளவு ஒன்றையே கொண்டு தீர்ப்பளித்தல் ஆகாது.

கவ்வி நோயை வேரறுப்பதுமன்று. கோஆப்ட் நோயாளிகளின் ஐந்தாண்டு முடிவு 2023-இல் வெளிவந்தது. மருந்துக் குழுவில் 100-க்கு 67.2 பேரும், கவ்விக் குழுவில் 57.3 பேரும் இறந்திருந்தனர். ஈராண்டு கழிந்தபின், மருந்துக் குழுவினரும் கவ்வி பெற வழி செய்யப்பட்டிருந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கதவு சேர்ந்தாலும் தளர்ந்த சுவர் தளர்ந்ததே.

ஆகவே இச்சிகிச்சையைப் பற்றிக் கேள்வியுறும் குடும்பத்தார் தம் மருத்துவரிடம் மூன்று வினாக்களைக் கேட்பது நன்று. கேடு கதவிலா, நிலையிலா? மருந்துகள் முழு அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா? இருதய அறை எவ்வளவு விரிந்துள்ளது? இவ்வினாக்களை நமக்குக் கற்பித்தவர்கள் ஆராய்ச்சியாளர் மட்டுமல்லர். எந்தச் சீட்டு வரும் என்றறியாமலே சோதனைக்கு உடன்பட்ட அந்நோயாளிகளும் நம் ஆசிரியர்களே.