கைக்கடதாசி உறுதியாகாது

எமது கிராமங்களில் காணி விற்பனை பெரும்பாலும் நம்பிக்கையின் பேரிலேயே நடைபெறுகின்றது. பணம் கைமாறும். முத்திரை ஒட்டிய கடதாசியில் இருவரும் ஒப்பமிடுவர். ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சி வைப்பார். வாங்கியவர் வேலி அடைத்து, கிணறு வெட்டி, வீட்டுக்கு அத்திவாரமும் போட்டு விடுவார். ஆனால் சட்டப்படி அக்காணி இன்னமும் விற்றவருக்கே உரியது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இதில் தெளிவாக உள்ளது. காணியின் உரித்தை மாற்றும் விற்பனை, நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் ஒரே வேளையில் சமுகமாயிருக்க, எழுத்தில் ஒப்பமிடப்பட வேண்டும். இல்லையேல் அது செல்லாது. எவ்வளவு பெரியவர் சாட்சி வைத்தாலும் கைக்கடதாசி உறுதியாகிவிடாது.

நொத்தாரிசு செய்வது என்ன?

உறுதி எழுதுவது மட்டுமே அவரது வேலை எனப் பலர் எண்ணுகின்றனர். முக்கியமான வேலை அதற்கு முன்னரே உண்டு. காணிப் பதிவகத்தில் வழக்கமாக முப்பது வருடப் பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். காணி யாரிடமிருந்து யாருக்கு வந்தது, ஈடு உள்ளதா, வழக்குப் பதியப்பட்டுள்ளதா என்பன அங்கே தெரியவரும். பிரிபடாத காணியாயின் விற்பவரின் பங்கு எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலுள்ளவருக்காக மற்றொருவர் அற்றோணித் தத்துவத்தின் பேரில் ஒப்பமிடுவதாயின், தத்துவம் கொடுத்தவர் உயிருடன் உள்ளாரா என விசாரிக்க வேண்டும். அவர் இறந்தால் பொதுவாகத் தத்துவமும் முடிந்துவிடும்.

தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டுச் சட்டம். சீதனமாகக் கிடைத்த காணிக்கும் இதுவே விதி. கணவன் காணாமற்போன பெண்களுக்கு இது பெருஞ்சுமை. எனினும், கணவன் கைவிட்டுச் சென்றாலோ, அவனது இருப்பிடம் தெரியாவிட்டாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அனுமதி பெறலாம் என்பதை இப்பெண்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பதிவு ஏன்?

ஒருவர் தன் காணியை முதலில் ஒருவருக்கு விற்று உறுதியும் கொடுக்கிறார். வாங்கியவர் அதைப் பதியவில்லை. பின்னர் அதே காணியை விற்றவர் வேறொருவருக்கும் விற்கிறார். அவர் பணம் கொடுத்து வாங்கி உடனே பதிந்துவிடுகிறார். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டத்தின்படி, பதியப்பட்ட பிந்திய உறுதியே முன்னுரிமை பெறும். பிந்தியவர் மோசடி செய்தார் என நிரூபித்தால் மட்டுமே முந்தியவர் தப்பலாம். ஆகவே ஒப்பமிட்ட அன்றோடு வேலை முடிவதில்லை.

உறுதி தொலைந்தால்

இடம்பெயர்வுகளில் உறுதியை இழந்தோர் நம்மிடையே பலர். அவர்கள் மனம் தளரத் தேவையில்லை. மூலப்பிரதி உரியவரிடமும், மற்றொரு பிரதி நொத்தாரிசிடமும் இருக்கும். இணைப்பிரதியை அவர் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றையும் தனியே குறித்து வைத்தால் தேடுவது எளிது.

காணி வாங்குவோர் விற்பவர் கூட்டிவரும் நொத்தாரிசை மட்டும் நம்பாது, தாமே ஒருவரை அமர்த்திக்கொள்வது நன்று. கட்டணம் கொடுக்க வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் முற்பணம் கொடுக்கும் முன்னரே கேட்க வேண்டும். வேலி அடைத்த பின் கேட்டால், பெரும்பாலும் வழக்குத்தான் மிஞ்சும்.