கட்டுமீறி ஓடிய டீஸல் எஞ்சினும் அதற்கேற்ற எண்ணெயும்

திருச்சானூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் கிணற்று நீர் இறைக்கும் பணியைப் பெரும்பாலும் மின்சார மோட்டார்களே ஏற்றுக்கொண்டுவிட்டன. எனினும் டீஸல் எஞ்சின் இப்பகுதியைவிட்டு அகன்றுவிடவில்லை. மின்சாரம் தடைப்படும்போது ஓடும் ஜெனரேட்டரிலும், உழவு டிராக்டரிலும், திருமலைக்கு ஏறும் பேருந்துகள் பலவற்றிலும் அதுவே உழைத்துவருகின்றது. இவ்வெஞ்சினுக்கு நேரக்கூடிய கேடுகளுள் மிகக் கொடியது, நிறுத்த முற்பட்டும் நில்லாமல் வேகம் மேன்மேலும் ஏறி, இறுதியில் தன்னைத்தானே உடைத்துக்கொள்வதாகும். அப்படி ஓடிய எஞ்சினைப் பழுது பார்த்தபின் எந்த எண்ணெயை ஊற்றுவது என்னும் வினா களப்பணியாளரிடம் அடிக்கடி எழுகின்றது. எண்ணெயைப் பற்றிப் பேசுமுன் கேட்டின் காரணத்தை அறிதல் இன்றியமையாதது.

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியை நிறுத்தினால் ஓட்டம் நின்றுவிடும். டீஸல் எஞ்சினில் தீப்பொறியே இல்லை. சிலிண்டருள் அமுக்கப்படும் காற்று 500° செண்டிகிரேடுக்கு மேல் சூடேறி, உள்ளே வரும் எண்ணெயைத் தானே பற்றவைக்கின்றது. வேகத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர். அது செலுத்தப்படும் டீஸலின் அளவை மட்டுமே ஆளும். வேறு வழியாக எரியக்கூடிய பொருள் ஏதேனும் உள்ளே புகுந்தால் கவர்னர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எரிவது எந்த எண்ணெய் என்று எஞ்சின் பார்ப்பதில்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீஸல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக்காட்டப்பட்டது. கடலை விளையும் சித்தூர்ச் சீமையாருக்கு இச்செய்தி சுவையாக இருக்கும். கடலை எண்ணெயில் ஓடும் எஞ்சின் தன் மசகு எண்ணெயிலும் ஓடும் அன்றோ!

மசகு எண்ணெய் உட்புகும் வழிகள் பல. ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்திருந்தால் அடித்தொட்டியின் எண்ணெய்ப் புகை மேலேறும். டர்போவின் அடைப்பு தேய்ந்தால் எண்ணெய் நேரே காற்றுக் குழாயில் கசியும். ஆயினும் சிற்றூர்களில் வெறும் மிகை ஊற்றலே பெருங்காரணம் என்பது எம் கருத்து. அளவுகோலின் மேற்குறிக்கு மேல் எண்ணெய் நின்றால் கிராங்க் அதைக் கடைந்து நுரைக்கச் செய்கின்றது. நுரை மூச்சுக்குழாய் வழியே காற்றுடன் கலக்கின்றது. எண்ணெய்த் தொட்டியுள்ள காற்று வடிகட்டியிலும் குறியைக் கடந்து ஊற்றினால், எஞ்சின் அதையே உறிஞ்சிக் குடித்துவிடும்.

எரியும் ஆவி வெளியிலிருந்தும் வரலாம். 2005 மார்ச் 23இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஆவி கசிந்து பரவியபோது, அருகே ஓடிக்கொண்டிருந்த டீஸல் வண்டியொன்று ஆவியை உறிஞ்சி வெறிகொண்டு ஓடிற்று. தீ அங்கிருந்தே தொடங்கியிருக்கக் கூடுமென விசாரணையில் கண்டனர். 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர்.

இந்நிலையில் டீஸல் குழாயை மூடுவது போதாது; காற்றையே நிறுத்தவேண்டும். காற்று நுழையும் வாயைத் தட்டையான பலகையாலோ இரும்புத் தகட்டாலோ அடைக்கலாம். கையாலோ துணியாலோ அடைக்கவே கூடாது. கையை அது காயப்படுத்தும், துணியை உள்ளிழுத்துக்கொள்ளும். கரியமிலவாயுத் தீயணைப்பானைக் காற்று வாயில் செலுத்தினும் எஞ்சின் நிற்கும். கைவண்டி கியர் உள்ள வாகனமாயின், பிரேக்கை அழுத்தி, உயர்ந்த கியரில் கிளச்சைவிட்டு அடக்கலாம். ஃப்ளைவீலின் சுழல் தளத்தில் எவரும் நிற்கலாகாது. வேகம் மிக ஏறிவிட்டதாயின் எஞ்சினை அதன் போக்கில் விட்டு, ஆட்களை அப்புறப்படுத்துவதே தக்கது. எஞ்சினை மீண்டும் வாங்கலாம்.

விசைகள் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப ஏறுவதை மாணவர்க்கு விளக்க இது நல்ல எடுத்துக்காட்டு. நிமிஷத்திற்கு 1,500 சுற்றுக்கென அமைந்த எஞ்சின் 3,000 சுற்று ஓடினால், பிஸ்டனை மேலும் கீழும் இழுக்கும் விசை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகும். ஆதலால் வெளிப்பார்வைக்குக் குறையின்றி நின்றுபோன எஞ்சினையும் நம்பலாகாது. அடித்தொட்டியைக் கழற்றி உலோகத் துகள் உளதா எனக் காண்க. கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் நீண்டிருக்கும். அவற்றைத் திரும்பப் பூட்டாமல் புதியன இடுக. ராடு வளைந்துள்ளதா, வால்வுகள் பிஸ்டனில் மோதியுள்ளனவா, பேரிங்குகள் எந்நிலையில் உள்ளன என்பவற்றையும் பார்க்கவேண்டும். எண்ணெய் புகுந்த வழியை அடைக்காமல் எஞ்சினைக் கூட்டினால் செலவு அனைத்தும் வீண்.

இனி எண்ணெய். புகையை அடக்கக் கெட்டியான எண்ணெய் ஊற்றும் வழக்கம் பரவலாக உண்டு. தேய்ந்த ரிங்கைச் சிலநாள் அது மறைத்துவைக்கும், சீர்செய்யாது. குளிர்ந்த காலையில் அது பேரிங்கை அடையத் தாமதமும் ஆகும். டப்பாவில் காணும் எஸ்.ஏ.இ. எண் தரத்தைக் குறிப்பதன்று, பாகுநிலையைக் குறிப்பது. 100° செண்டிகிரேடில் 40 எண் எண்ணெய் 12.5 முதல் 16.3 செண்டிஸ்டோக் வரையிலும், 50 எண் எண்ணெய் அதற்கு மேல் 21.9 வரையிலும் இருக்கும். 15டபிள்யூ-40 என்பது குளிரில் இளகியும், சூட்டில் 40 எண்ணுக்குரிய பாகுடனும் நிற்பது. இப்பகுதியின் கடுங்கோடைக்கும் இது பெரும்பாலும் போதுமானது. பழைய மெதுவேக எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் ஒற்றை எண் கூறியிருப்பின் அதையே கொள்க.

தரத்தை ஏ.பி.ஐ. எழுத்துக்கள் கூறும்; சி.எச்.4, சி.ஐ.4 போன்றவை டீஸலுக்குரியன. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13656 ஆகும். டீஸல் அளவைக் கூட்டி ஆற்றலை மிகுவித்த டிராக்டர்களில் கரி மிகுதியாக எண்ணெயில் கலக்கின்றது. அவற்றிற்கு மேலான தர எண்ணெயும் விரைந்த மாற்றமும் தேவை. 2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வாகனங்களில் புகை வடிகட்டி உண்டு. சாம்பல் குறைந்த எண்ணெயே அவற்றிற்கு ஏற்றது. வடிகட்டியைச் சூடேற்றச் செலுத்தும் மிகை டீஸல் சிறிது தொட்டியிலும் இறங்கக்கூடும். ஆகவே எண்ணெய் மட்டம் குறையாமல் ஏறுவதைக் கண்டால் மகிழற்க; அது டீஸல் கலப்பு.

இதனைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. சூடான பழைய எண்ணெயில் ஒரு சொட்டை மையொற்றுத் தாளில் இட்டு ஓரிரவு விடுக. கரி வெளிநோக்கிச் சீராகப் பரவியிருந்தால் எண்ணெயின் அழுக்குத் தாங்கும் திறன் நீடிக்கின்றது. நடுவில் கூர்மையான விளிம்புடன் கரும்புள்ளி தங்கிவிட்டால் மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. புள்ளியைச் சூழ்ந்து நிறமற்ற அகன்ற வளையம் படர்ந்தால் டீஸல் கலந்திருக்கலாம். முகர்ந்து பார்த்தும் உறுதிசெய்யலாம். தாளின் ஓரத்தில் தேதியையும் ஓடிய மணிக்கணக்கையும் எழுதி வைத்தல் நலம்.