பாடபேதம்: பழைய போர்விமானங்களை வாசித்தல்

பழைய போர்விமானத்தைப் பாதுகாக்கிறோம் என்கிறார்களே, அதில் எதைத்தான் பாதுகாக்கிறார்கள்? உலோகத்தையா, அது பறந்த போரின் நினைவையா, ஓட்டியவனின் வீரத்தையா? ஒரு பொருள் எப்படிப் பிரதியாகிறது, அந்தப் பிரதியை வாசிக்கும் உரிமை யார் கைக்குப் போகிறது என்கிற கேள்வியும் இதற்குள் இருக்கிறது.

இந்த விமானங்களின் பின்னாலேயே அலையும் ஆர்வலர்கள் உலகெங்கும் உண்டு. வாலில் எழுதிய எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். எந்த ஆலையில் செய்தது, எந்தப் படைப்பிரிவில் இருந்தது, எந்த இறக்கை எதிலிருந்து கழற்றி மாட்டியது என்று வருஷக்கணக்கில் துருவுவார்கள். தமிழ் படித்த எனக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை. ஊர் ஊராகச் சுவடி தேடி, பாடபேதம் பார்த்து, இடைச்செருகலைப் பிரித்த பதிப்பாசிரியனின் வேலைதான் இதுவும்.

அவர்களின் ஆய்வில் இந்தியாவுக்கு ஒரு தனி இடம் உண்டு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா 18,000-க்கும் மேற்பட்ட பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைச் செய்தது. போர் முடிந்ததும் பெரும்பாலானவை உருக்கப்பட்டன. கான்பூரில் நின்ற பிரிட்டிஷ் படையின் லிபரேட்டர்கள் கடன்-குத்தகை ஏற்பாட்டில் வந்தவை. ஒன்று திருப்பித் தர வேண்டும், இல்லையேல் அழித்துவிட வேண்டும். அடித்து நொறுக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள். 1948-ல் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஆட்கள் அந்தக் காயலான் கடைக்குள் இறங்கினார்கள். ஒன்றில் உடைந்ததை இன்னொன்றிலிருந்து எடுத்து மாட்டி, சுமார் 40 விமானங்களை எழுப்பினார்கள். தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிப் போனார். அங்கே முழுமையாகச் செப்பனிடப்பட்டன. அந்த நவம்பரில் அவற்றை வைத்து விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் அமைந்தது. 1968 கடைசிவரை பறந்தன.

இந்த 20 வருஷப் புழக்கம்தான் அவற்றைக் காப்பாற்றியது. இன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்திலும், பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்திலும், கனடாவிலும், அமெரிக்காவின் அரிசோனாவிலும் நிற்கும் லிபரேட்டர்கள் இங்கே ஓடித் தேய்ந்தவை. நினைவுச்சின்னம் ஆக்க வேண்டும் என்று யாரும் அவற்றை வைத்திருக்கவில்லை. புதிது வாங்கக் காசில்லாத நாடு, கிடைத்ததை ஓட்டியது, அவ்வளவுதான். ஏட்டின் கதையும் இதுவே. பரணில் போட்டது செல்லரித்தது. படித்து, படியெடுத்து, கைமாறியது பிழைத்தது.

பிழைத்தபின் நடந்ததைப் பார்க்க வேண்டும். இந்த லிபரேட்டர்களில் ஒன்று 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையிடம் சேர்ந்து, 1989-ல் மறுபடி பறந்தது. அதன்மேல் முதலில் 'ஆல் அமெரிக்கன்' என்று எழுதினார்கள், பின்னால் 'விட்ச்கிராஃப்ட்' என்று. இரண்டும் அமெரிக்கப் படையில் பேர்பெற்ற வேறு விமானங்களின் பெயர்கள். பிரிட்டிஷாருக்கும் இந்தியாவுக்கும் உழைத்த உடம்பு. அதன் தோல் சொன்னதோ அமெரிக்கனின் போரை. இடைச்செருகல் என்றால் நாலு வரி கூடுதலாக இருக்கும். இங்கே மூலத்தையே அழித்து மேலே வேறொன்றை எழுதியாகிவிட்டது. கான்பூரில் கை கறுத்த தொழிலாளி அந்தத் தோலில் இல்லை.

இது எங்கோ நடக்கிற சங்கதியும் இல்லை. திருவள்ளூரிலிருந்து மேற்கே மின்ரயில் போய் முடியும் அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம் 1992-ல் தொடங்கியது. ரஷ்யத் தயாரிப்பான டூ-142 கண்காணிப்பு விமானங்கள் அங்கிருந்துதான் பறந்தன. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறிகள். அந்த உறுமலை ஒருதரம் கேட்டவன் மறக்கமாட்டான். 2017 மார்ச் 29-ல் ஓய்வு கொடுத்தார்கள். ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. உள்ளே ஏறிப் பார்க்கலாம். உடம்பு அங்கே பத்திரம். சத்தம் மட்டும் போய்விட்டது.

சத்தத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் வடகோடியில் இருக்கும் கும்மிடிப்பூண்டியில், சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்குகிற உலைகள் இருக்கின்றன. அதே ஊரில் ஈழ அகதிகள் முகாமும் இருக்கிறது. விமானங்களை அறிந்த இன்னொரு சமூகம் அது. குண்டு போட வருவது 'பொம்பர்', குண்டு தள்ளும் கனத்த சரக்கு விமானம் 'சகடை' என்று தாங்களே பெயரிட்டு, சத்தத்தை வைத்தே இன்னது என்று பிரித்து, பங்கருக்குள் ஓடிய மக்கள். 1995 ஜூலை 9-ல் நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள்மேல் விமானக் குண்டு விழுந்து 100 பேருக்கு மேல் செத்தார்கள். ஆர்வலனின் அறிவும் இவர்களின் அறிவும் நுணுக்கத்தில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. ஒன்றுக்குப் பொழுதுபோக்கு என்று பெயர். மற்றதற்குப் பெயரே வைக்கவில்லை. படைகள் அமைக்கும் அருங்காட்சியகம் விமானி அறையிலிருந்து பூமியைப் பார்க்கச் சொல்கிறது. பங்கரின் வாசலிலிருந்து வானத்தைப் பார்க்கச் சொல்ல அதற்கு நியாயம் தெரியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் உலையில் போட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கட்சி. உலையில் விழுந்த இரும்புக்குப் பூர்வீகம் கிடையாது. குண்டு போட்ட விமானத்தை உருக்கினால் சாட்சியும் சேர்ந்தே உருகும். விமானம் நிற்கட்டும். ஆனால் நல்ல பதிப்பைப்போல எல்லாப் பாடங்களையும் அடிக்குறிப்பில் காட்டிக்கொண்டு நிற்கட்டும். அதற்கான முறை ஆர்வலர்களிடம் ஏற்கனவே இருக்கிறது. ஓர் ஆணியின் வரலாற்றைத் தேடிக் கண்டம் தாண்டுகிறவர்கள், அந்த ஆணியை அடித்தவனையும் தேடலாம். விமானத்தின் முன் நிற்கும் தகவல் பலகையில் செய்த வருஷம், எடை, வேகம் எல்லாம் எழுதியிருக்கும். யார் பழுது பார்த்தார்கள், குண்டு எந்த ஊரில் விழுந்தது என்று இன்னும் இரண்டு வரி எழுத அதில் இடம் இருக்கிறது.